ஆடித் தள்ளுபடியும் மூளையின் கணக்கும்

ஆடிப்பெருக்கு நெருங்கிவிட்டால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை கடைவீதிகளில் ‘ஆடித் தள்ளுபடி’ பதாகைகள் தொங்கத் தொடங்கிவிடும். ஆடியில் திருமணம் வைப்பதில்லை என்பதால் மந்தமாகும் துணி வியாபாரத்தைத் தூக்கி நிறுத்த வந்த ஏற்பாடு இது. மடிப்புக் கலையாத சேலைகள் பீரோவில் அடுக்கியிருக்க, பதாகையைக் கண்டதும் கால்கள் கடைப்பக்கம் திரும்புவது ஏன் என்பதற்கு நரம்பியலில் ஓரளவு தெளிவான விளக்கம் உண்டு.

உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளிடம் நடத்திய சோதனைகளில், ஓர் அடையாளம் தோன்றியதும் பழச்சாறு கிடைக்கும் என்பது அவற்றுக்குப் பழகிய பின்னர், டோபமைன் என்ற, மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சாறு வாய்க்கு வந்தபோது கிளர்ச்சியடையாமல், அடையாளம் தென்பட்ட கணத்திலேயே கிளர்ச்சியடைந்தன. அதாவது, டோபமைன் முதன்மையாக எதிர்பார்ப்போடு தொடர்புடையது. பையைக் கொண்டுவந்து வீட்டில் பிரிக்கும்போது கடையில் இருந்த பரபரப்பு பாதியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. உச்சம் முன்பே கடந்துவிட்டது.

நரம்பியலாளர் பிரையன் நட்சன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பொருள் வாங்கும் செயலிலேயே காட்டியது. மூளை ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு முதலில் பொருளும் பிறகு விலையும் காட்டப்பட்டன. பொருள் பிடித்திருந்தால், நற்பலனை எதிர்பார்ப்பதோடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற மூளைப் பகுதியும், விலை மிகையாகத் தோன்றினால், வலி போன்ற உணர்வுகளோடு தொடர்புடைய இன்சுலா என்ற பகுதியும் கூடுதலாக இயங்கின. வாங்குவது என்பது ஆசைக்கும் விலையின் உறுத்தலுக்கும் இடையே நடக்கும் இழுபறி என்று இதைக் கொள்ளலாம். அடித்துக் காட்டிய பழைய விலைக்குக் கீழே புதிய விலையை எழுதுவது அந்த உறுத்தலைத்தான் மழுங்கச் செய்கிறது. முதலில் கண்ணில் பட்ட எண்ணே அளவுகோலாகிவிடுவதால், தள்ளுபடி விலை மலிவாகத் தெரிகிறது.

கடைக்காரரின் கைத்திறன் இதற்கும் மேலானது. வெள்ளை விரிப்பில் சேலையை வீசி விரித்து, முந்தானையைத் தோளில் போட்டு, “கண்ணாடியில பாருங்கம்மா” என்று அவர் சொல்லும்போது துணி ஏறக்குறைய நம்முடையதாகிவிடுகிறது. வெறுமனே தொட்டுப் பார்ப்பதே ஒரு பொருளின் மீது உரிமை உணர்வைக் கூட்டுகிறது என்று ஜோன் பெக், சுசேன் ஷூ ஆகியோரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. என் கருத்தில், தள்ளுபடிப் பலகையைவிட ஆபத்தானது அந்தக் கண்ணாடிதான்.

ஆகவே மனஉறுதியை மட்டும் நம்பிக் கடைக்குள் நுழைவது வீண்வேலை. தூண்டுதல் கண்ணில் படாமல் செய்வதே எளிது: தேவை இல்லாத நாளில் கடைவீதியைச் சுற்றிச் செல்லலாம். “கடையில் சேலை பிடித்துவிட்டால் விரித்துக் காட்டச் சொல்லமாட்டேன், வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து பார்த்த பிறகே முடிவு செய்வேன்” என்று சூழலையும் செயலையும் இணைத்து முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் திட்டங்கள், பொதுவான தீர்மானங்களைவிட நன்றாகப் பலிப்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. கைபேசியில் வாங்குவோர் துணியைக் கூடையில் போட்டுவிட்டு ஒரு வாரம் விட்டுவைக்கலாம். ஆனால் “உங்கள் கூடை காத்திருக்கிறது” என்ற அறிவிப்பு அதே அடையாளத்தை மீண்டும் கண்முன் நிறுத்தும் என்பதால், செயலியின் அறிவிப்புகளை முதலிலேயே அணைத்துவிட வேண்டும்.