காதுக் குறும்பியும் சொல்லத் தெரியாத குழந்தையும்

நம் உடலின் தோல் உள்ளிருந்து மேல்நோக்கி வளர்ந்து, வளர்ந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும். காதுக்குழாயின் தோல் மட்டும் பக்கவாட்டில் நகர்கிறது. செவிப்பறையின் நடுப்பகுதியில் உருவாகும் தோல் செல்கள் மெல்ல விளிம்புக்கு வந்து, குழாயின் சுவரில் ஏறி, காதின் வாசலை நோக்கி வருகின்றன. நாளொன்றுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய நகம் வளரும் வேகம். குழாய்க்குள் விழும் தூசியையும் உதிர்ந்த செல்களையும் இந்த நகர்வே வெளியே கொண்டுவருகிறது. காது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பெரியவர்களின் காதுக்குழாய் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம். அதன் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. முடிகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் குறும்பிச் சுரப்பிகளும் இங்கேதான் இருக்கின்றன. இந்தச் சுரப்புகளுடன் உதிர்ந்த தோல் செல்கள் கலந்ததே குறும்பி. லேசான அமிலத்தன்மை கொண்டது, தண்ணீரை ஒட்டவிடாது, கிருமிகளையும் பூஞ்சையையும் வளரவிடாமல் தடுக்கிறது. உள்ளே இருக்கும் மூன்றில் இரண்டு பங்கு எலும்பால் ஆன பகுதி. அங்கே குறும்பி சுரப்பதில்லை. தோலும் மிக மெல்லியது, எலும்பின்மீது நேரடியாகப் படர்ந்திருப்பது, தொட்டாலே வலிக்கக்கூடியது. ஆகவே ஒருவருக்குச் செவிப்பறையை ஒட்டிக் கட்டியாகக் குறும்பி இருந்தால், பெரும்பாலும் யாரோ எதையோ விட்டு அதை உள்ளே தள்ளியிருக்கிறார்கள் என்று பொருள்.

குறும்பி ஈரமாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்குமா, உலர்ந்து உதிருமா என்பதைக்கூட ஒரு மரபணுதான் தீர்மானிக்கிறது. ஏபிசிசி11 என்ற அந்த மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் கண்டறிந்தார்கள். இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. குழந்தையின் காதில் அழுக்கு சேர்ந்திருப்பதைப் பார்த்து, “இதைக்கூடக் கவனிக்கவில்லையா?” என்று தாயைக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒரு குழந்தையை வளர்க்கும் தாய்க்கு ஏற்கெனவே சுமை அதிகம். குறும்பி சேர்வது சுத்தக்குறைவும் அல்ல, கவனக்குறைவும் அல்ல.

அப்படியானால் இந்தக் குழந்தைகளுக்கு அது ஏன் அதிகம் சேர்கிறது? அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவக் கழகம் 2017-இல் புதுப்பித்த வழிகாட்டுதலின்படி, குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கும் பெரியவர்களில் இருபதில் ஒருவருக்கும் குறும்பி அளவுக்கு மீறியோ அடைத்தோ இருக்கிறது. வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களில் இது மூன்றில் ஒரு பங்கையும் தாண்டுகிறது. அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பான சிறப்பு ஒலிம்பிக்கின் வீரர்களுக்கு நடத்தப்படும் கேட்டல் பரிசோதனைகளிலும் மிக அடிக்கடி கண்ணில் படுவது இந்த அடைப்புதான்.

காரணம் குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். மிகத் தெளிவாக விளங்குவது டவுன் சிண்ட்ரோம். 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் ஏற்படும் நிலை இது. முகத்தின் நடுப்பகுதியும் மண்டையோட்டின் அடிப்பகுதியும் இவர்களுக்குச் சிறியவை. அதனுடன் காதுக்குழாயும் குறுகிப் போகிறது. ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு இந்தக் குறுகல் இருக்கிறது, சிலருக்கு மருத்துவர் காதுக்குள் பார்க்க வைக்கும் மிகச் சிறிய குழல்கூட உள்ளே நுழையாத அளவுக்கு. சுரக்கும் குறும்பி மற்றவர்களுக்குச் சுரப்பதைப் போன்றதுதான். போகும் வழிதான் ஒடுக்கம். மற்றொரு குழந்தைக்குத் தொந்தரவே தராத அளவு குறும்பி இங்கே குழாயை முழுவதும் அடைத்துவிடும்.

மூளை முடக்குவாதம் உள்ள பல குழந்தைகள் குழைத்த உணவையே விழுங்குகிறார்கள். மெல்லும்போது தாடையின் அசைவு குழாயின் வெளிப்பகுதியை அசைத்துக் குறும்பி நகர ஓரளவு உதவும். அந்த உதவி இவர்களுக்குக் குறைவு. ஆட்டிசம் உள்ள குழந்தை மிக்சி ஓடும்போதும் ஹாரன் ஒலிக்கும்போதும் விரலால் காதை அடைத்துக்கொள்கிறது. திரும்பத் திரும்ப விரல் உள்ளே போனால் குறும்பியும் உள்ளே போகும். காது கேட்கும் கருவி அணியும் குழந்தைக்கோ அந்தக் கருவியின், காதுக்குள் பொருந்தும் அச்சே வாசலை மறித்து நிற்கிறது. இத்தனைக்கும் மேலாக, காதைத் தொடவிடாத குழந்தையை மருத்துவர் ஒவ்வொரு முறையும் “அடுத்த தடவை பார்க்கலாம்” என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது.

குறும்பி மெதுவாகச் சேர்ந்தாலும் காது பெரும்பாலும் திடீரென்றே அடைக்கிறது. குழாயில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் ஒலி உள்ளே போய்விடும். குழந்தைக்குக் குறை தெரியாது. ஒரு நாள் தலைக்குக் குளித்தபின் குறும்பியில் கலந்திருக்கும் தோல் செல்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும், மீதமிருந்த இடைவெளியும் மூடிவிடும். முழு அடைப்பு 40 டெசிபல் வரை கேட்கும் திறனைக் குறைக்கக்கூடும். எதிரில் அமர்ந்து பேசுபவரின் குரல் கிசுகிசுப்பாக ஒலிக்கும் அளவு அது. பெரியவர் என்றால், “காது அடைத்துக்கொண்டது” என்று உடனே சொல்வார். பேச்சே இன்னும் வராத குழந்தை என்ன செய்யும்?

காதை இழுக்கும். தலையைச் சுவரில் முட்டும், அல்லது ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாது. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டும். வகுப்பில் ஆசிரியர் சொல்வதைச் செய்யாது. இரவில் தூங்காது. ஆட்டிசம் என்ற சொல் ஏற்கெனவே கோப்பில் எழுதப்பட்டிருந்தால், இவை அனைத்தையும் அந்தச் சொல்லின் கணக்கிலேயே எழுதிவிடுவது எளிது. பிடிவாதம் என்றும், கவனமின்மை என்றும், குறைபாடு முற்றிவிட்டது என்றும் முடிவு கட்டுகிறோம். நடத்தைக்கு மாத்திரை தொடங்குவதற்கு முன், பேச்சுப் பயிற்சி பலன் தரவில்லை என்று நிறுத்துவதற்கு முன், ஒரு விளக்கை வைத்து அந்தக் காதுக்குள் பார்த்தோமா? நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். இந்தக் குழந்தைகளின் வாழ்க்கையில் மாற்ற முடியாதவை பல. குறும்பி சில நாட்களில் நீக்கிவிடக்கூடியது. மேற்சொன்ன வழிகாட்டுதலும், தொந்தரவைச் சொல்ல இயலாத ஒருவரின் காதில் அடைப்பு இருந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல் சிகிச்சை தரவேண்டும் என்றே சொல்கிறது.

பேச்சு கற்கும் வயதில் இதன் விலை இன்னும் அதிகம். வந்தான், வந்தாள், வந்தார் ஆகியவற்றின் வேறுபாடு சொல்லின் கடைசியில், குரல் தணியும் இடத்தில் இருக்கிறது. வேற்றுமை உருபுகளும் அங்கேதான் ஒட்டிக்கொள்கின்றன. பாதி கேட்கும் காதிலிருந்து முதலில் நழுவுபவை இவை.

டவுன் சிண்ட்ரோமில் மற்றொரு சிக்கலும் உண்டு. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் ஊஸ்டேஷியன் குழாய் இவர்களுக்கு ஒடுக்கமானது. அதைத் திறக்கும் தசைகளும் தளர்ந்தவை. அதனால் செவிப்பறைக்குப் பின்னால் பசை போன்ற நீர் அடிக்கடி தேங்குகிறது. முன்னால் குறும்பி மறைத்தால் பின்னால் தேங்கிய நீரை மருத்துவரால் பார்க்கவே முடியாது. எனவேதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல், குழாய் குறுகிய டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் காதை 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறது. நுண்ணோக்கி வைத்திருக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பவும், செவிப்பறை தெளிவாகத் தெரியும்வரை இதைத் தொடரவும் சொல்கிறது. குழந்தை வளர வளரக் குழாய் அகலமாகும் என்பது ஆறுதலான செய்தி.

வீட்டில் செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்ஸ், கொண்டை ஊசி, தீக்குச்சி, கோழி இறகு, சாவி எதையும் காதுக்குள் விடக்கூடாது. அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை பட்ஸால் காதில் காயம்பட்டு அவசரச் சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் சுமார் 2,63,000 பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது.  எதிர்பாராமல் உதறும் குழந்தையின் காதில் குச்சி இருக்கும்போது என்ன ஆகும் என்பதை விளக்கவேண்டியதில்லை. காதில் மெழுகுக் குழலை நட்டுக் கொளுத்தும் ‘இயர் கேண்டில்’ அழுக்கை உறிஞ்சுவதில்லை, சுட்டுவிடுகிறது. வாசலில் வந்து நிற்கும் குறும்பியை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

எண்ணெய்க் குளியலன்று நல்லெண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. எண்ணெய் குறும்பியை இளக்கும் என்பது உண்மை. பிரிட்டனில் மருத்துவர்களே ஆலிவ் எண்ணெய்ச் சொட்டுகளைப் பரிந்துரைக்கிறார்கள். ஆபத்து மூன்று இடங்களில் இருக்கிறது: சூடு, செவிப்பறையில் நமக்குத் தெரியாமல் இருக்கும் ஓட்டை, நம் வெப்பத்திலும் ஈரத்திலும் எளிதில் வளரும் பூஞ்சை. செவிப்பறை முழுமையாக இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை எண்ணெயும் வேண்டாம், கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். நடுக்காதின் நீர் வடியச் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தப்பட்ட குழந்தைக்கும் இதே எச்சரிக்கை. சீழ், இரத்தம், காய்ச்சல், காதின் பின்புறம் வீக்கம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும்.

மருத்துவர் அனுமதித்தால், சோடியம் பைகார்பனேட், உப்புநீர், எண்ணெய் என எந்தச் சொட்டானாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று மற்றொன்றைவிட மேல் என்று ஆய்வுகள் காட்டவில்லை. வழக்கமாக 3 முதல் 5 நாட்கள் விடுகிறார்கள். புட்டியை உள்ளங்கையில் சிறிது நேரம் மூடி வைத்து, உடலின் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே விடவேண்டும். முதலில் பொம்மைக்கு விட்டுக் காட்டுங்கள். பிறகு அப்பாவின் காதுக்கு அருகில் பாவனை. விரும்பிய பாட்டு முடியும்வரை பக்கவாட்டில் படுத்திருக்கப் பழக்கினால், எவ்வளவு நேரம் பொறுக்கவேண்டும் என்பது குழந்தைக்குப் புரிந்துவிடும். சொட்டு விட்ட முதல் ஓரிரு நாட்களில் குறும்பி ஊதி அடைப்பு கூடலாம். குழந்தையின் எரிச்சலும் கூடும். இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் பதற்றம் வராது.

தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்வதில் வெப்பநிலை ஏன் முக்கியம் என்பதற்குப் பின்னால் நோபல் பரிசு பெற்ற ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. ராபர்ட் பாரனி என்ற வியன்னா மருத்துவர், காதைக் கழுவும்போது சில நோயாளிகளுக்குத் தலைசுற்றி, கண்கள் பக்கவாட்டில் துடிப்பதைக் கவனித்தார். தண்ணீர் உடலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் கண்கள் ஒரு திசையிலும், சூடாக இருந்தால் எதிர்த்திசையிலும் துடித்தன. உடல்சூட்டில் இருந்தால் ஒன்றுமில்லை. உட்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் வெப்ப மாற்றத்தால் அசைவதே காரணம் என்று விளக்கிய அவருக்கு 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் கிடைத்தது. தண்ணீர் 37 டிகிரி செல்சியஸில் இல்லாவிட்டால், உலகம் சுற்றுவதைச் சொல்லத் தெரியாத குழந்தைக்கு அடுத்த முறை மருத்துவமனை வாசலே அச்சமாகிவிடும். தொண்டை, இதயம், வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பின் ஒரு கிளையும் காதுக்குழாயில் இருக்கிறது. கருவி பட்டதும் சிலருக்கு இருமல் வருவது அதனால்தான்; சில வேளைகளில் வாந்தியும் மயக்கமும் வரும். இதைக் குழந்தையின் அடம் என்று எண்ணிவிட வேண்டாம்.

மருத்துவமனையில் மூன்று வழிகள்: தண்ணீர் பீய்ச்சுவது, நுண்ணோக்கி வழியாகப் பார்த்துச் சிறு கொக்கியால் எடுப்பது, மெல்லிய குழலால் உறிஞ்சுவது. உறிஞ்சும் முறை ஈரமில்லாதது, பாதுகாப்பானது. ஆனால் காதுக்குள்ளேயே அதன் இரைச்சல் உரக்கக் கேட்கும். ஒலி தாங்காத குழந்தைக்குக் கொக்கி முறை முடியுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். கூட்டம் சேருமுன் நாளின் முதல் ஆளாகப் போவது, ஒரே நாளில் இரண்டு காதையும் முடிக்க அவசரப்படாதது, முதல் வருகையில் கருவியைக் குழந்தை தொட்டுப் பார்க்க விடுவது ஆகிய மூன்றும் பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். நான்கு பேர் அமுக்கிப் பிடித்து எடுப்பதை நான் ஏற்பதில்லை. அன்று குறும்பி வந்துவிடும், அடுத்த பல ஆண்டுகளுக்குக் குழந்தை யாரையும் காதைத் தொடவிடாது.

எதற்கும் இடம் தராத குழந்தைக்குச் சிறிது நேர மயக்க மருந்தில் எடுப்பது வழி. பல் சிகிச்சைக்கோ வேறு அறுவைக்கோ ஏற்கெனவே மயக்க மருந்து தரும் திட்டம் இருந்தால், அதே நேரத்தில் காதையும் பார்த்துவிடும்படி இரு மருத்துவர்களையும் கேளுங்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். காதைப் பார்க்கத் தலையை அதிகம் திருப்பினால் தண்டுவடம் அழுந்தும் ஆபத்து உண்டு; மயக்கத்தில் தசைகளின் தடுப்பும் இருக்காது. இதை மருத்துவக் குழுவிடம் பெற்றோரே நினைவூட்டுவது நல்லது.

ஒருமுறை எடுத்தால் முடிந்துவிடுவதில்லை. குழாய் அதே குழாய்தான், சுரப்பிகளும் அதே சுரப்பிகள்தான். எந்தக் குழந்தைக்கு எத்தனை மாதத்தில் மீண்டும் சேர்கிறது என்பதை இரண்டு மூன்று வருகைகளில் கணித்துவிடலாம். தடுப்பூசி அட்டை போல அந்தத் தேதிகளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டல் சோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும், சோதனை தொடங்கும் முன் காதுக்குள் பார்க்கச் சொல்லுங்கள். அடைத்த காதோடு எடுத்த அறிக்கை கையில் இருந்தால், குறும்பியை நீக்கியபின் அந்தச் சோதனையை மீண்டும் செய்யக் கேளுங்கள். காது கேட்கும் கருவி வேண்டுமா, எந்த அளவுக்கு வேண்டும் என்பதை இரண்டாவது அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.