உடந்தையைச் சதியாக்க வேண்டாம்

'ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பேர்க்' (1961) போன்ற படங்களைப் பற்றித் திருகோணமலையில் எழுதப்படும் குறிப்புகளில், ஹிட்லர் ஆட்சிக்குத் துணைபோன நாற்சி நீதிபதிகளின் குற்றத்துக்குக் 'கூட்டுச்சதி' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பிழை. அதற்குச் சொல் உடந்தை.

'உடன்' அடியாகப் பிறந்த சொல் இது. சேர்க்கை, உறவு என்ற பொருளிலிருந்து குற்றத்தில் சேர்ந்திருப்பதற்கு வந்தது. 'களவுக்கு அவனும் உடந்தை' என்றால் உவர்மலையிலும் விளங்கும், மூதூரிலும் விளங்கும்.

சதிக்குப் பேசிவைத்த இணக்கம் வேண்டும். உடந்தைக்கு அது தேவையில்லை. தெரிந்துகொண்டு கைகொடுத்தால் போதும். எங்கள் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 100ஆம் பிரிவிலேயே உடந்தைக்கு மூன்று வழி உண்டு: தூண்டுதல், சதியில் சேர்தல், உதவுதல். செய்யவேண்டியதைச் சட்டவிரோதமாகச் செய்யாமல் விடுவதும் உதவிதான். சதி இதில் ஒரு கிளை. கிளையின் பெயரை மரத்துக்கு வைக்கலாமா?

படத்துக்கு அடிப்படையான 1947ஆம் ஆண்டு வழக்கே இதற்குச் சாட்சி. நீதிபதிகளும் நீதி அமைச்சு அதிகாரிகளுமாக 16 பேர்மேல் குற்றப்பத்திரிகை. சதியைத் தனிக் குற்றமாக விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று அந்த மன்றம் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் 10 பேர் குற்றவாளிகளானார்கள்.

லியோ காட்சன்பெர்கர் என்ற யூத வணிகரின் வழக்கைப் பாருங்கள். யூதரும் ஜேர்மனியரும் உறவுகொள்வதைத் தடுத்த இனக்கலப்புச் சட்டத்தில் மரணதண்டனை இல்லை. நீதிபதி ரோத்தாவுக் போர்க்கால ஆணை ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டினார்: எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) போர்க்காலத்தில் விளக்கணைக்கும் இருட்டடிப்பைத் தனக்கு வசதியாக்கிக்கொண்டாராம். பக்கத்தில் இருந்த இரண்டு நீதிபதிகளும் கையெழுத்துப் போட்டார்கள். 1942 ஜூனில் காட்சன்பெர்கரின் தலை போயிற்று. அந்த இரண்டு கையெழுத்துக்கும் 'உடந்தை' என்பதைவிடப் பொருத்தமான சொல் எது?

'மௌன சம்மதம்' என்பாரும் உண்டு. தீர்ப்பில் கையெழுத்திட்டவன் எங்கே மௌனமாக இருந்தான்? 'உடன்குற்றமை' என்று புதிதாக உருட்டும் தனித்தமிழ் அன்பர்களுக்கு ஒன்று: உடந்தையும் தனித்தமிழ்தான், ஐயா. 'உதவி, உடந்தையாக இருந்தமை' என்று கோட்டில் நாளாந்தம் வாசிக்கிறார்கள். இருக்கிற சொல்லைப் புழங்காமல் புதுச்சொல்லுக்கு அலைவானேன்?

படத்துக்குத் திரையின் அடியில் வசனவரி எழுதுவோர் தொல்லை தனி. வழக்கை விசாரிக்கும் ஸ்பென்சர் டிரேசியின் பாத்திரத்தை 'நீதவான்' ஆக்குகிறார்கள். இங்கே நீதவான் என்பவர் கீழ்நிலையான நீதவான் நீதிமன்றத்தில் இருப்பவர், அந்த அமர்வுக்கு 'நீதிபதி' என்பதே சரி. கூண்டில் இருப்பவர்களை 'எதிரிகள்' என்னாமல், தமிழகத்துச் செய்தித்தாள் பழக்கத்தில் 'குற்றவாளிகள்' என்று போடுகிறார்கள். மூன்று மணிநேரப் படத்தின் தீர்ப்பை முதல் காட்சியிலேயே வாசித்தாயிற்று.