டிவி கார்டுக்கு ரிமோட்டைப் புரியவைப்பது எப்படி?

"பழைய டிவி ட்யூனர் கார்டு ஒன்றை லினக்ஸ் கணினியில் மாட்டினேன். படம் வருகிறது, சத்தம் வருகிறது, ரிமோட் மட்டும் வேலை செய்யவில்லை. ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பிலிப்ஸின் எஸ்ஏஏ7134 சிப்பை வைத்துப் பல நிறுவனங்கள் கார்டு செய்தன. படம் பிடிக்கும் வேலை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ரிமோட் பகுதியைச் சிப்பின் எந்தக் கால்களில் இணைப்பது என்பது கார்டு செய்தவர் இஷ்டம். அது டிரைவருக்கு (கார்டை இயக்கும் மென்பொருளுக்கு) தெரியாவிட்டால் ரிமோட் வெறும் பிளாஸ்டிக்.

ரிமோட் அனுப்புவது அகச்சிவப்புத் துடிப்புகள். சில கார்டுகளில் அவை அப்படியே டிரைவருக்கு வரும். இடைவெளிகளை அளந்து 0, 1 என்று அதுவே பிரித்துக்கொள்ள வேண்டும். வேறு சிலவற்றில் கார்டிலுள்ள குட்டிச் சிப் ஒன்று அந்த வேலையை முடித்து, எந்தப் பொத்தான் என்ற எண்ணைக் கால்களில் வைத்துவிடும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாம் வகைதான்.

எஸ்ஏஏ7134-இல் பொதுப் பயனுக்கென 28 கால்கள் உண்டு. ரிமோட் எண் அவற்றில் சிலவற்றில் சிதறிக் கிடக்கும். மற்றவை ஒலி மாற்றவோ ஆன்டெனா மாற்றவோ பயன்படலாம். எவை ரிமோட்டுடையவை? டிரைவரின் டீபக் செய்தியை (உள்ளே நடப்பதைக் காட்டும் சோதனைச் செய்தியை) ஓடவிட்டு, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, 28 பிட்டில் (காலுக்கு ஒன்று, 0 அல்லது 1) எவை மாறுகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டியதுதான். பொத்தானுக்குப் பொத்தான் மாறுபவை எண்ணின் பிட்டுகள். எதை அழுத்தினாலும் ஒரே மாதிரி மாறி, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புவது "விரல் இருக்கிறது" என்று சொல்லும் பிட்.

ஏவர்மீடியாவின் சில கார்டுகளுக்கு டிரைவரில் எழுதியிருக்கும் மாஸ்க் 0x0007C8 (0x என்றால் பதினாறடிமான எண்). இரும எண்ணாகப் பிரித்து, வலமிருந்து 0 முதல் எண்ணிப் பார்த்தால் 3, 6, 7, 8, 9, 10 ஆகிய பிட்டுகள். விரலைச் சொல்வது 4-வது. நடுவில் 5-வது யாருக்கும் இல்லாமல் நிற்கிறது! மாஸ்க் என்பது ஓட்டை போட்ட அட்டை மாதிரி: கால்களின் நிலையைக் காட்டும் பதிவேட்டின் மேல் வைத்தால் தேவையான பிட்டுகள் மட்டும் தெரியும். தெரிந்ததை வலது பக்கமாக நெருக்கினால் எண் கிடைத்துவிடும். 3-வதும் 6-வதும் 1, மற்ற நான்கும் 0 என்றால் வருவது 000011, அதாவது 3. ஆறு பிட் என்பதால் 64 பொத்தான் வரை தாங்கும். இதைச் செய்யும் சி நிரல் பத்துப் பதினைந்து வரிதான். படிக்கப் படிக்க இனிக்கும்.

டிரைவர் 50 மில்லிநொடிக்கு ஒருமுறை போய்ப் பார்க்கும். மதிப்பு மாறாவிட்டால் பேசாமல் திரும்பிவிடும். இன்னொரு குசும்பும் உண்டு: இதே கார்டுகளில் 2-வது காலை முதலில் 1 ஆக்கினால்தான் ரிமோட் சிப்பே விழிக்கும். கால்களின் பட்டியலை ஒரு பக்கத்தில் அச்சிட்டுத் தந்திருந்தால் நிறுவனத்துக்கு என்ன குறைந்திருக்கும்? யார் யாரோ தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்துத் துப்பறிய வேண்டியிருந்தது.

அப்புறம் மிச்சம் அட்டவணைதான்: இந்த எண் ஒலி கூட்ட, அந்த எண் சேனல் மாற்ற. இதை மாற்ற இப்போது கர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) தொட வேண்டாம். ஐஆர்-கீடேபிள் (ir-keytable) கருவியே போதும். ஆனால் மாஸ்க் டிரைவருக்குள்தான் இருக்கிறது. எனவே கேள்வி கேட்ட வாசகர் முதலில் தன் கார்டின் பெயர் எஸ்ஏஏ7134 டிரைவரின் இன்புட் கோப்பில் (saa7134-input.c) இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் டீபக்கை ஓடவிட்டு, ரிமோட்டோடு உட்கார வேண்டியதுதான்.