ஏத்தமே இல்லாத மன்னார்ல எதுக்கு மூச்சு வாங்குது?

நம்ம மலைநாட்டுப் பக்கம் சைக்கிள் மிதிக்கிற பசங்ககிட்ட மன்னார், பறவைச் சரணாலயம் இருக்கிற வங்காலைப் பக்கம் ஆற அமர ஒரு ரவுண்டு போவோமான்னு கேட்டா மொதல்ல வர்ற பதில் "அது என்ன மச்சான் பெரிய விசயம், தரை மட்டமாத்தானே கெடக்கு" தான். தலவாக்கலையில இருந்து நானுஓயாவுக்கு ஏறிப் பழகின காலு கடல் மட்டத்து ரோட்டப் பாத்து எதுக்குப் பயப்படணும், நியாயந்தான். ஆனா போயிட்டு வந்தவங்கள்ல பாதிப் பேரு தொடை விட்டுப்போச்சு, பின்பக்கம் எரியுது, முதுகு புடிச்சிருச்சுன்னுதான் சொல்றாங்க. அவங்க உடம்புல ஒரு கோளாறும் இல்ல, கணக்கு அப்படி.

மொதல்ல நம்ம மலைக் கணக்கு. ஆளு, சைக்கிள், பை எல்லாம் சேத்து 85 கிலோன்னு வச்சிக்குவோம். 100 மீற்றர் போனா 6 மீற்றர் ஒசருற ரோடுன்னா, அதான் 6 வீத ஏத்தம், பூமி நம்மள பின்னால இழுக்கிற விசை கிட்டத்தட்ட 50 நியூட்டன், அதாவது 5 கிலோ மூட்டைய தூக்கிப் புடிக்கிற அளவு. டயர் ரோட்டுல உருளுறதுக்கு ஒரு 6 நியூட்டன் போகும். மணிக்கு 6 கிலோமீற்றர்ல ஊந்துக்கிட்டுப் போறப்ப காத்தோட தடை 1 நியூட்டன் கூட வராது, அதனாலதான் மலையில வளந்த நமக்கு காத்துன்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகத்துல வர்றதில்ல. மொத்த விசையையும் வேகத்தையும் பெருக்கினா சுமார் 95 வொட் உழைப்பு, சாதாரண ஆளு கொஞ்ச நேரம் தாக்குப் புடிக்கக்கூடிய அளவுதான்.

ஆனா மலையில ஒரு நியாயம் இருக்கு, குடுத்தத திருப்பிக் குடுக்கும். 1,000 மீற்றர் ஏறினா 834 கிலோஜூல் சக்திய நம்ம ஒசரத்துல சேத்து வச்சிருக்கோம்னு அர்த்தம், எறங்குறப்ப அது அப்படியே வெளிய வரும், பெடல தொடவே வேணாம். கொஞ்சம் காத்துக்குப் போகும், மிச்சம் பிரேக்ல சூடாப் போகும். அந்த 834 கிலோஜூல வச்சு ரெண்டரை லீற்றர் பச்சத்தண்ணிய கொதிக்கவே வச்சிடலாம், ஒரு லயத்துக்கே தேத்தண்ணி ஊத்தலாம். இறம்பொடை எறக்கத்துல பிரேக்க அமத்திக்கிட்டே வந்து ஒரு எடத்துல நிப்பாட்டி ரிம்ம தொட்டுப் பாருங்க, வேணாம், தொடாதீங்க, ரெண்டு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க போதும்.

மன்னார்ல இந்தக் குடுக்கல் வாங்கலே கெடையாது. அங்க தடைன்னா காத்துதான், அதுக்குக் குடுத்தது போனது போனதுதான்.

காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்தமாதிரி கூடும், அதாவது வேகம் ரெண்டு மடங்கானா தடை நாலு மடங்கு, அந்தத் தடைய அந்த வேகத்துல தள்ளுறதுக்கான உழைப்பு எட்டு மடங்கு. காத்தே அடிக்காத நேரத்துல நிமிந்து ஒக்காந்து மணிக்கு 12 கிலோமீற்றர்ல போனா, டயர் உருளுறதையும் சேத்தே சுமார் 32 வொட்டுல முடிஞ்சிரும், நடக்கிறத விட லேசு. 18ல போனா 70 வொட். 24ன்னா 135 வொட் பக்கம் வந்துரும். ஆற அமரப் போறதுங்கிறது சோம்பேறித்தனம் இல்ல, நல்ல கணக்கு.

இப்ப காத்த சேத்துக்கங்க. மணிக்கு 18 கிலோமீற்றர் எதிர்காத்து, மன்னார்க்காரங்க இத காத்துன்னே எண்ண மாட்டாங்க. அதுக்குள்ள நீங்களும் 18ல போகணும்னா மொகத்துல அடிக்கிற காத்து 36, தடை நாலு மடங்கு, உழைப்பு 70ல இருந்து 190 வொட்டுக்குத் தாவிரும். அந்தக் கூடுதல் தடைய ஏத்தமா மாத்திப் பாத்தா கிட்டத்தட்ட 3 வீதம். ரோடு கண்ணுக்கு மட்டமாத் தெரியுது, கால் 3 வீத ஏத்தம் ஏறிக்கிட்டு இருக்கு, ஒசரத்துல மட்டும் ஒரு அங்குலம் சேரல.

பல பேரு ஏமாறுற எடம் ஒண்ணு இருக்கு, "போறப்ப எதிர்காத்துன்னா வர்றப்ப பின்காத்து, சரிக்குச் சரியாப் போயிரும்"னு நெனைக்கிறாங்க. போகாது. அதே 70 வொட்ட விடாம மிதிக்கிற ஆளு காத்தில்லாதப்ப 18ல போவாரு, அந்த எதிர்காத்துல 10லதான் போக முடியும், பின்காத்துல 29 வரைக்கும் போவாரு. 20 கிலோமீற்றர் போய் 20 திரும்புறாருன்னா போக ரெண்டு மணித்தியாலம், வர 41 நிமிசம், மொத்தம் 2 மணி 41 நிமிசம். காத்தே இல்லன்னா 2 மணி 13 நிமிசத்துல வீட்டுல இருப்பாரு. கெட்ட காத்துக்குள்ள மெதுவாப் போறதால அதுக்குள்ளயே நெறைய நேரம் கெடக்க வேண்டியிருக்கு, நல்ல காத்து வந்த வேகத்துல முடிஞ்சிருது.

பக்கக்காத்தும் நண்பன் இல்ல. நேரா குறுக்கால அதே 18ல அடிச்சாக்கூட, நம்ம ஓட்டத்தால வர்ற காத்தும் அதுவும் சேந்து சாய்வா ஒரு பெரிய காத்தாகி, அதோட முன்பக்கப் பங்கு மட்டுமே தடைய சுமார் 40 வீதம் கூட்டிரும். மன்னார் டவுன்ல இருந்து வங்காலைக்குப் போற ரோடு தெக்கால போகுது, பறவை வர்ற மாசங்கள்ல காத்து வடகிழக்கு, அப்ப போறப்ப பின்பக்கமா சாஞ்ச பக்கக்காத்து, வர்றப்ப எதிர்பக்கமா சாஞ்ச பக்கக்காத்துங்கிற மாதிரி ஆயிரும்.

அங்க எதுக்கு இவ்வளவு காத்துன்னா, தடுக்க ஒண்ணுமே இல்ல. நம்ம ரோட்டுல தேயிலைச் சரிவு, சவுக்கு மரம், கொண்டைஊசி வளைவு, ஏதாவது ஒண்ணு காத்த ஒடச்சிரும். வங்காலை சரணாலயம் 4,800 ஹெக்டேருக்கு மேல, 2008ல சரணாலயமாக்கி 2010ல ராம்சார்ங்கிற உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலப் பட்டியல்லயும் சேத்தாங்க, அதுல பெரும்பகுதி உப்புச் சேறு, ஆழமில்லாத தண்ணி, பத்தை. வழவழன்னு கெடக்கிற தண்ணிக்கு மேல காத்து வேகம் கொறையாம நெஞ்சு ஒசரத்துலயே வரும். மன்னார் தீவோட தெக்குக் கரையில தம்பபவனின்னு 30 காத்தாலைய 2020 டிசம்பர்ல ஓட விட்டாங்களே, 100 மெகாவொட்டுக்கு மேல, அதுவும் இதே எட்டு மடங்குக் கணக்குலதான் சம்பாதிக்குது, நாம செலவழிக்கிறோம் அவ்வளவுதான் வித்தியாசம். போதாததுக்கு அங்க காத்து கனமும் கூட. நுவரெலியா 1,868 மீற்றர் ஒசரம், அங்க காத்தோட அடர்த்தி கடற்கரைய விட 15 வீதமளவு கம்மி. மூச்சுக்கு அதனால மன்னார்ல ஆக்சிசன் நல்லாக் கெடைக்கும், அதையும் சொல்லிடணும்.

விடியக்காலையில கெளம்புறதுதான் சரி. ராத்திரி தரை குளுந்து, ஒட்டியிருக்கிற காத்தும் குளுந்து கனத்துப் படுத்துரும், மேல ஓடுற வேகமான காத்து கீழ கலக்காது. வெயில் ஏறினதும் தரைக் காத்து சூடாகி மேல போகும், மேலுள்ளது கீழ எறங்கும், கடல்காத்தும் சேந்துக்கும், பத்து மணிக்கு மேல ஹேண்டில நேராப் புடிக்கவே வேலையாயிரும். காலையிலதான் பூநாரையும் பக்கத்துல மேயும், தலைய தலைகீழாக் கவுத்து அலகால சேத்துத்தண்ணிய வடிகட்டிக்கிட்டு.

மன்னார் பாலத்து ரோட்டுல மீன் பெட்டி கட்டின சைக்கிள்காரங்கள கவனிங்க. எதிர்காத்து வந்ததும் ரெண்டு முழங்கையையும் மடிச்சு ஹேண்டில் மேல வச்சு, தாடைய கிட்டத்தட்ட மணிக்கிட்ட கொண்டுபோய், சாரத்த தொடைக்கு நடுவுல சொருகிருவாங்க. காத்துக்குக் காட்டுற பரப்பு கொறையுது, தடையும் அதே அளவுல கொறையுது, ஒரு ரூபா செலவில்ல. கூட ஆளு இருந்தா ஒருத்தர் பின்னால ஒருத்தர் ஒட்டிப் போகலாம், பின்னால வர்றவருக்கு காத்துத் தடை மூணுல ஒரு பங்கு வரைக்கும் மிச்சம். மாறி மாறி முன்னுக்கு வரணும், அத மறந்துட்டு கடைசி வரைக்கும் பின்னாலயே வர்ற கூட்டாளி எல்லா செட்டுலயும் ஒருத்தன் இருப்பான்.

பின்பக்க எரிச்சல் வேற கதை. மலையில ஏறுறப்ப எந்திரிச்சு மிதிப்போம், எறங்குறப்ப பெடல் மேல நிப்போம், ஒக்காருற எடம் மாறிக்கிட்டே இருக்கும். மட்ட ரோட்டுல ஒரே கியர், ஒரே குந்தல், ஒரே தசை, ரெண்டு மணித்தியாலம். இருவது நிமிசத்துக்கு ஒருக்கா சும்மாவாவது எந்திரிச்சு நாலு மிதி மிதிங்க. மணல் வந்தா எறங்கித் தள்ளுங்க, ஒல்லி டயர் புதைஞ்சிரும், கொஞ்சம் காத்தெறக்கினா டயர் அகண்டு மணல்ல தாங்கும்.

பின்காத்துல தண்ணி குடிக்க மறந்துராதீங்க. 100 வொட் மிதிக்கிற உடம்பு கூடவே 300, 400 வொட் சூட்டையும் கெளப்பும், அத வேர்வை ஆவியாகித்தான் வெளிய கொண்டு போகணும், மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் போல. எதிர்காத்துல அது தானா காயும். 18 பின்காத்துல நீங்களும் 18ல போனா உடம்புல படுற காத்து பூச்சியம், வேர்வை சும்மா வழிஞ்சு வீணாப் போகும், கால் லேசா இருக்கிறதால ஒண்ணும் தெரியாது, சூடு மட்டும் உள்ளுக்குள்ள ஏறும். ரெண்டு போத்தல் கட்டிட்டுப் போறவங்க மூணாவதையும் கட்டுங்க, அத திரும்பி வர்ற வழிக்கு வச்சிக்கங்க.