மருந்துக் கடையில் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமைகள்

மருந்துக் கடைக்குள் நுழைபவர் பார்வையில் படும் இடத்தில் அந்தக் கடையின் உரிமம் மாட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டுள்ள நிபந்தனை. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், அதன்கீழ் 1945இல் வகுக்கப்பட்ட விதிகளும்தான் இந்தியாவில் சில்லறை மருந்து விற்பனைக்கு அடிப்படை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழங்கும் இந்த உரிமம் பொதுவாக இரண்டு தாள்களாக இருக்கும். பெரும்பாலான மருந்துகளுக்குப் படிவம் 20உம், தடுப்பூசி, இன்சுலின் போன்ற உயிரியல் மருந்துகளுக்குப் படிவம் 21உம் பொருந்தும். சில்லறைக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் பரப்பும், மருந்துகளை உரிய வெப்பநிலையில் வைக்கும் வசதியும், பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவரும் இருந்தால்தான் உரிமம் கிடைக்கும். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமத்தைப் புதுப்பிக்கும் முறை இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் செலுத்திவந்தால், இடைநிறுத்தப்படாமலோ ரத்து செய்யப்படாமலோ இருக்கும்வரை அது செல்லும். எனவே தாளில் பழைய தேதி இருப்பதை மட்டும் வைத்து அந்தக் கடையை ஐயுற வேண்டியதில்லை.

உரிமம் கடைக்குத் தரப்பட்டாலும், மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் மருந்தாளுநருக்கே உரியது. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, மாநில மருந்தியல் கவுன்சிலில் பதிவு செய்த மருந்தாளுநர் அல்லாதவர் மருந்துச் சீட்டின்படி மருந்து தயாரிப்பதோ வழங்குவதோ தண்டனைக்குரிய குற்றம். பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் அந்த விற்பனை நடக்க வேண்டும் என்று 1945ஆம் ஆண்டு விதிகளும் கூறுகின்றன. மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் இருக்க, அவர் கடையில் இல்லாமல் வியாபாரம் நடப்பது வெறும் நடைமுறைக் குறை ஆகாது. நோயாளிக்கும் தவறான மருந்துக்கும் நடுவே இருக்கும் கடைசிச் சோதனையே அங்கு இல்லாமல் போகிறது என்பதுதான் அதன் பொருள்.

அந்தச் சோதனையின் மதிப்பை மெத்தோட்ரெக்சேட் என்ற ஒரே மருந்தைக் கொண்டு உணரலாம். முடக்குவாதத்துக்கு இதை வாரம் ஒருமுறை, குறித்த ஒரு கிழமையில் மட்டும் கொடுப்பார்கள். கூடவே ஃபோலிக் அமிலமும் எழுதித் தரப்படும். அதுவும் சிறிய மாத்திரை என்பதால் இரண்டும் மாறிப்போகலாம். சீட்டில் உள்ள "வாரம் ஒன்று" என்பதை வீட்டில் "தினம் ஒன்று" என்று படித்துவிட்டால் வாயில் புண்கள் தோன்றும், இரத்த அணுக்கள் சரியும், உயிருக்கே ஆபத்து நேரலாம். நல்ல மருந்தாளுநர் இந்த மாத்திரையைக் கொடுக்கும்போது எந்தக் கிழமை என்று கேட்டு, அதை உறையின் மேல் பெரிய எழுத்தில் எழுதி, வாங்குபவரின் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்வார். அரை நிமிடம்கூட ஆகாத வேலை. 2015ஆம் ஆண்டின் மருந்தியல் நடைமுறை ஒழுங்குமுறைகள், மருந்தை எப்படி உட்கொள்வது, எப்படிப் பாதுகாப்பது, என்ன பக்கவிளைவு வரலாம், ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்பனவற்றை நோயாளிக்கு விளக்குவதை மருந்தாளுநரின் பணியாகவே வகுத்துள்ளன. ஆகவே வரிசையில் பின்னால் நிற்பவரைப் பார்த்துத் தயங்காமல் கேளுங்கள்.

எல்லா மருந்துகளுக்கும் ஒரே கட்டுப்பாடு இல்லை. 1945ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணை எச் (Schedule H) பட்டியலில் உள்ளவற்றை, பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது. மாத்திரை அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓடும் சிவப்புக் கோடும், ஆர்எக்ஸ் (Rx) என்ற குறியும் இதற்கு அடையாளம். அதைவிடக் கடுமையானது 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணை எச்1. செஃபிக்சிம் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம் போன்ற பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய மருந்துகள் என 46 மருந்துகளுடன் இப்பட்டியல் தொடங்கியது. இவற்றை விற்கும்போது மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். காசநோய் மருந்து வாங்கும் நோயாளியைப் பற்றிப் பொதுச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கும் கடமையும் 2018 முதல் மருந்துக் கடைக்கு உண்டு. இன்னும் கடுமையான கட்டுப்பாடு உள்ள அட்டவணை எக்ஸ் மருந்துகளுக்குச் சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டாண்டுகள் பாதுகாக்க வேண்டும், மருந்தைப் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். கடையில் பெயரும் விவரமும் கேட்டால் பலர் முகம் சுளிக்கிறார்கள். அப்படிக் கேட்கும் கடைதான் விதிப்படி நடக்கும் கடை என்பதை உணர்ந்து ஒத்துழைக்க வேண்டும்.

சீட்டும் முறையாக இருக்க வேண்டும். மருத்துவரின் கையொப்பம், தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு, உட்கொள்ளும் அளவு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். மீண்டும் வழங்கலாம் என்று மருத்துவர் குறிப்பிட்டிருந்தால் தவிர, ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து. "அதே மருந்துதான், வேறு கம்பெனி" என்று சொல்லி மாற்றித் தருவது பரவலாக நடக்கிறது. ஆனால் சீட்டில் எழுதியுள்ள அட்டவணை எச், எக்ஸ் மருந்துக்குப் பதிலாக, அதே மூலப்பொருள் கொண்டதாயினும் வேறொரு தயாரிப்பைத் தருவதை விதி தடுக்கிறது. விலை குறைந்த பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்து வேண்டுமென்றால், சீட்டை மூலப்பொருளின் பெயரிலேயே எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்பதே சரியான வழி. மக்கள் மருந்தகங்களும், தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் இத்தகைய மருந்துகளைத் தருகின்றன.

விலையைப் பொறுத்தவரை, 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்சவரம்பு விலையைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் நிர்ணயிக்கிறது. பத்து மாத்திரை அட்டையில் மூன்று மட்டும் வாங்கினால், அட்டை விலையின் விகிதப்படியே பணம் பெற வேண்டும். அவ்வாறு பிரித்து வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல அட்டைகளில் தொகுதி (பேட்ச்) எண்ணும் காலாவதித் தேதியும் ஒரு முனையில் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் துண்டில் அவை இல்லையென்றால், முழு அட்டையையும் காட்டச் சொல்லித் தேதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இன்சுலின் வாங்கும்போது அது குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுக்கப்படுகிறதா என்பதையும் பாருங்கள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டும், உறையவும் விடக் கூடாது.

ரசீதை எப்போதும் கேட்டு வாங்குங்கள். மருந்தின் தொகுதி எண் அதில் இருந்தால்தான், குறிப்பிட்ட ஒரு தொகுதி தரமற்றது என்று பின்னாளில் அறிவிப்பு வரும்போது உங்கள் வீட்டில் உள்ளது அதுவா என்று ஒப்பிட முடியும். காலாவதியான மருந்து விற்கப்பட்டாலோ, விற்பனைக்கு அல்லாத மருத்துவர் மாதிரி மருந்தோ அரசு மருத்துவமனை மருந்தோ கடையில் இருந்தாலோ, மாவட்ட அளவில் உள்ள மருந்து ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் தரலாம். அவர் கடையைச் சோதனையிடவும், மாதிரி எடுத்து அரசுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பவும் அதிகாரம் பெற்றவர்.

பலரும் அறியாத ஓர் உரிமை 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவில் உள்ளது. தாம் வாங்கிய மருந்தைச் சோதிக்க விரும்பும் எவரும் உரிய விண்ணப்பத்துடன் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் நேரடியாக ஒப்படைத்து, அவர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம். அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் அமைப்பு வழியாகவும் இதைச் செய்யலாம். அதற்கு, சந்தேகம் எழுந்தவுடன் மீதி மாத்திரைகளைத் தூக்கி எறியாமல் அட்டையோடும் ரசீதோடும் சேர்த்து எடுத்து வையுங்கள்.