லண்டன் போகும் பெற்றோர் கணக்கிட வேண்டிய நேரம்

"பதினோரு மணி நேரம்தானே டாக்டர், உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துடலாம்." லண்டனில் மகளோ மகனோ இருக்கும் பெற்றோர், ஊட்டியில் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. அப்படி உட்கார்ந்தபடியே போவதுதான் என் கவலை.

சென்னையிலிருந்து ஹீத்ரோ விமான நிலையம் வான்வழியில் சுமார் 8,200 கி.மீ. போக ஏறத்தாழ 11 மணி நேரம். வரும்போது மேல்வானத்து மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் கொஞ்சம் குறையும். ஆனால் உங்கள் பயணம் சென்னையில் தொடங்கவில்லை. மலையிறங்கிக் கோவை விமான நிலையம் சேர மூன்று, மூன்றரை மணி நேரம். அங்கே காத்திருப்பு, சென்னைக்கு ஒரு விமானம், மறுபடியும் மூன்று மணி நேரக் காத்திருப்பு. எல்லாம் சேர்ந்தால் 20 மணி நேரத்தைத் தாண்டிவிடும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் இன்னும் கூடும்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. விமானம் மட்டுமல்ல, கார், பஸ், ரயிலுக்கும் இது பொருந்தும். ஆரோக்கியமானவர்களுக்கு இது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு வருவதுதான். பயந்து பயணத்தை நிறுத்த வேண்டாம். அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், முன்பே காலில் ரத்தம் உறைந்தவர்கள் கட்டாயம் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கட்டும் என்று ஆஸ்பிரினை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நம் ஊர்ப் பெரியவர்களிடம், பெண்களிடம் குறிப்பாக, ஒரு பழக்கம் உண்டு. வழியில் கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தயவுசெய்து குடியுங்கள். மலையிறங்கும் வழியில் பர்லியாறில் வண்டியை நிறுத்தி இறங்கி நடங்கள். விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்கி, மணிக்கு ஒரு முறையாவது எழுந்திருங்கள்.

மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு ஒன்று. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல்தான் இருக்கும். அதாவது கிட்டத்தட்ட குன்னூர், ஊட்டி உயரம். இங்கேயே வசிப்பவருக்கு அது பழகிய காற்று. உங்களைப் பார்க்கச் சமவெளியிலிருந்து வரும் சம்பந்தி இங்கே நாலு படி ஏறவே திணறினால், அவர் விமானம் ஏறுமுன் நுரையீரலையும் இதயத்தையும் பரிசோதித்தே ஆக வேண்டும்.

இன்சுலின் போடுபவர்கள் கைக்கடிகாரத்தை நம்பக் கூடாது. குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. தினமும் இரவு 8 மணிக்குப் போடும் ஊசியை அங்கத்து 8 மணிக்குப் போட்டால் இடைவெளி 29½ மணி நேரமாகிறது. திரும்பும்போது அதே தவறு 18½ மணி நேரமாகச் சுருங்கி, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். பயண நாளுக்கான அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். சரக்கறையில் போகும் பெட்டியில் உறைந்து வீணாகலாம்.

ஊர் திரும்பி நான்கு வாரம் வரைக்கும் கவனம் வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அன்றே வந்து காட்டுங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.