இறங்கிய எடை ஏறிய பிறகு: தராசு ஏன் அசைய மறுக்கிறது?

கீழக்கரையில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அரிசியை அடியோடு நிறுத்தி 82 கிலோவிலிருந்து 70-க்கு வந்தார். பிறகு வீட்டில் ஒரு கல்யாணம், நோன்புப் பெருநாள், தொதல், நெய்ச்சோறு. ஒன்றரை வருடத்தில் 83. இப்போது மறுபடி அதே முறையில் இறங்கினார். முதல் சில வாரங்களில் மளமளவென்று 78 வரை வந்தது. அதோடு சரி, இரண்டு மாதமாக முள் நகரவில்லை. “வாயைக் கட்டினால் ஏன் குறையாது?” என்று வீட்டில் கேட்கிறார்கள்.

வாயைக் கட்டுவது எவ்வளவு கடினம் என்பதை 2016-இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் அவருடன் பணியாற்றியவர்களும் அளந்தே காட்டினார்கள். கனக்ளிஃப்ளோசின் என்று ஒரு சர்க்கரை நோய் மாத்திரை உண்டு. அதைச் சாப்பிடுபவர்களுக்குத் தினமும் ஏறத்தாழ 360 கலோரி அளவு சர்க்கரை சிறுநீரில் போய்விடும், அவர்களுக்கே தெரியாமல். கணக்குப்படி எடை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சில கிலோவோடு நின்றுவிட்டது. உடம்பு செலவைக் குறைத்தது ஒரு காரணம்: பாரம் குறைந்த விசைப்படகுக்கு டீசல் குறைவாகப் பிடிப்பதுபோல, ஒரு கிலோ இறங்கினால் நாளுக்கு 20 முதல் 30 கலோரி செலவு குறைகிறது. ஆனால் அதே ஒரு கிலோவுக்குப் பசி சுமார் 100 கலோரி கூடுகிறது. செலவு குறைவதைப் போல மூன்று, நான்கு மடங்கு. டயட் இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாதவர்களிடம் கிடைத்த கணக்கு இது. மனஉறுதியை இதில் குற்றம் சொல்ல இடமே இல்லை.

நம் கீழக்கரைப் பெண்ணுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஐந்து கிலோ குறைந்ததும் பசி நாளுக்கு 500 கலோரி இழுக்கிறது, செலவிலும் நூறுக்கு மேல் குறைந்துவிட்டது. ஆரம்பத்தில் அவர் வெட்டிய 600 கலோரி இங்கேயே சரியாகப் போய்விடும். அவர் பொய் சொல்லவில்லை. அதே சாப்பாடுதான் என்று உண்மையாகவே நம்புகிறார். குழம்பில் ஒரு கரண்டி கூடுதல் தேங்காய்ப்பால், தாளிப்பில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் (அதுவே 120 கலோரி), பிள்ளை மிச்சம் வைத்த சோறு என்று அந்தக் கூடுதல் கலோரி உள்ளே வருகிறது.

முதலில் மளமளவென்று இறங்கியதும் முழுக்கக் கொழுப்பு இல்லை. ஈரலும் தசையும் மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமிக்கும்போது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். அரிசியை நிறுத்தியதும் அது வடிந்துவிடும். ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் காலையில் தராசு ஏறி நிற்பதும் தண்ணீர்தான். உப்பு பிடித்து வைக்கிறது.

இரண்டாம் தடவைக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், ஒரு கிலோ கொழுப்பு குறைந்தபோது 0.26 கிலோ தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத எடையும் போனது. எடை திரும்பியபோது ஒரு கிலோ கொழுப்புக்கு 0.12 கிலோதான் வந்து சேர்ந்தது. அதாவது 83 கிலோவில் இருப்பவர் பழைய 82 கிலோ ஆள் இல்லை. தசை குறைவு, கொழுப்பு அதிகம். ஒரு கிலோ தசை கூடினால் கொழுப்பெல்லாம் தானே எரிந்துவிடும் என்று ஜிம்களில் சொல்வதை நம்ப வேண்டாம், ஓய்வில் அது எரிப்பது நாளுக்கு சுமார் 13 கலோரிதான். தசையின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆண்களை ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஆய்வுக்காக 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். பிறகு தாராளமாகச் சாப்பிட விட்டபோது, இழந்த கொழுப்பு முழுதாகத் திரும்பிய பிறகும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. அந்தத் தரவுகளைப் பின்னாளில் அலசியவர்கள், இழந்த தசை ஈடாகும் வரை பசி நீடித்ததைக் கண்டார்கள். அதற்குள் கொழுப்பு முன்பைவிடக் கூடியிருந்தது.

அதனால் தராசு நின்றதும் இன்னும் சோற்றைக் குறைத்துப் பட்டினியை இறுக்குவது தப்பான வழி என்பேன். ஒரு வாரம் எண்ணெயையும் தேங்காயையும் சோற்றையும் அளந்து போட்டாலே ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். அடுத்தது புரதம். நூறு கிராம் சூடை மீனில் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம் உண்டு. விலையும் கட்டுப்படி ஆகும். தட்டில் முதலில் மீன், கீரை, பிறகுதான் சோறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது முட்டையும் பயறும் போதும்.

தசைக்கு ஜிம் தேவையில்லை. குழாயடியிலிருந்து தள்ளுவண்டியில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்த காலத்தில் அந்த வேலை கேட்காமலே நடந்தது. வீட்டுக்கே குழாய் வந்த பிறகு, பாதி நிறைந்த குடத்தைத் தரையிலிருந்து தூக்கி வைப்பதையும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையும் வேலையாகவே செய்ய வேண்டியிருக்கிறது, வாரம் இரண்டு மூன்று நாள். நடையை வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடலாம்.

இன்னொன்று, 78-லேயே சில வாரம் நின்றால் நிற்கட்டும். எடை நிலைத்த பிறகு அளந்தால், எடை இறங்கியதற்கு ஏற்றதைவிட உடம்பு கூடுதலாகச் செலவைச் சுருக்கியிருக்கும் அளவு குறைந்திருப்பதைக் காண்கிறார்கள். ஒரு தடவை ஏறிவிட்டால் அப்புறம் இறங்கவே இறங்காது என்ற பேச்சுக்கும் ஆதாரம் போதாது. அன்றாட எடையைப் பார்த்துக் குழம்பாமல், ஒரு வாரச் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். அப்படியும் ஒரு மாதம் அசையவில்லை என்றால் தைராய்டு பரிசோதனை செய்யலாம், ஸ்டீராய்டு போன்ற மாத்திரைகள் சாப்பிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றில் கைவைப்பதற்கு முன்பே அவரைப் பார்த்துவிட வேண்டும். மருந்தின் அளவு அப்படியே இருக்கச் சாப்பாடு மட்டும் குறைந்தால், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.